மரக்காணம் சொல்லிக் கொடுத்த இரண்டு அங்குலம்

ரவிக்கைக்கு அளவெடுக்கிற இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய், ஒரு காரின் அடியில் குனிந்து அளந்த முதல் இல்லத்தரசி நானாகத்தான் இருப்பேன்! "என்னங்க, காருக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?" என்று எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று கேட்டே விட்டார்.

சிரிக்காதீர்கள், சகோதரிகளே. அந்த அளவைப் பத்து நாள் முன்னாலேயே எடுத்திருந்தால், கைக்குழந்தையோடு உப்பளத்து வரப்பில் உச்சி வெயிலில் நின்றிருக்க மாட்டேன்.

எங்கள் வீடு திண்டிவனத்தில் இருக்கிறது. பெண்ணைப் பாண்டிச்சேரியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு வந்தவளுக்கு சிசேரியன் ஆகிப் பேரன் பிறந்தான். ஐந்தாம் மாதம் நல்ல நாள் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் புகுந்த வீட்டில் கொண்டு விட வேண்டும். "போகிற வழியில் மரக்காணத்தில் அத்தையைப் பார்த்துவிட்டுப் போகலாமே" என்றேன் நான். என்னைத் தூக்கி வளர்த்த அத்தைக்கு எழுபத்தைந்து வயதாகிறது. முழங்கால் வலியால் பஸ் ஏற முடியாது. கொள்ளுப் பேரனைப் பார்க்காமல் ஐந்து மாதமாகப் போனிலேயே புலம்பிக் கொண்டிருந்தாள்.

"டாக்ஸி எதுக்கு? என் கார் இருக்கே!" என்றான் மகன்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிப்ளமோ முடித்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, மூன்று வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்து செகண்ட் ஹாண்டில் வாங்கிய சின்னக் கார். வாங்கியபோது நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவனுடைய நண்பர்கள் யாரோ, "காரைக் கொஞ்சம் தாழ்த்திட்டா ரேஸ் கார் மாதிரி இருக்கும்டா" என்று ஆசை காட்டி விட்டார்கள். ஒரு பட்டறையில் விட்டு, சக்கரத்துக்கு மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கி, பெரிய அலாய் சக்கரமும் பட்டை டயரும் மாட்டிக்கொண்டு வந்தான். வாசலில் நின்ற காரைப் பார்த்தால் தரையோடு பதுங்கிய பூனை மாதிரி இருந்தது.

"அழகாத்தான் இருக்கு" என்றேன். இவருக்குப் பிடிக்கவில்லை. "நல்ல காலை வெட்டிட்டு நொண்டி ஆக்கின மாதிரி இருக்கு. இதுக்கெல்லாம் ஏதுடா காசு?" என்று கேட்டார். பையன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பில் பால் பொங்குகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஏனென்றால், காசு என்னுடையது. பேரனுக்குத் தங்கக் காப்பு போட வேண்டும் என்று மாதச் சீட்டு கட்டி எடுத்த இருபத்திரண்டாயிரம். மூன்று வருடமாக ஒரு நல்ல சட்டை கூடக் கேட்காத பிள்ளை, வாய் திறந்து ஒன்று கேட்டானே என்று கொடுத்துவிட்டேன். "சம்பளத்துல கழிச்சுக் கொடுத்துடறேம்மா, அப்பாகிட்ட மட்டும் சொல்லாதே" என்றான். தாய் மனசு... உங்களுக்குத் தெரியாததா?

பங்குனி முதல் வாரம், காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். நாங்கள் நான்கு பெரியவர்கள், மடியில் குழந்தை. டிக்கியில் மரத்தொட்டில், பித்தளை அண்டா, இரண்டு பெட்டி, பழக்கூடை, முறுக்கு டின். கார் ஏற்கனவே பள்ளம், அதன் மேல் இத்தனை பாரம்! மரக்காணம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் ஊருக்கு ஊர் வேகத்தடை. முதல் தடையிலேயே காரின் வயிற்றில் 'கர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். தேங்காய் துருவியில் கையை இழுத்துக்கொண்ட மாதிரி எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

வேகத்தடைக்கும் ஒரு கணக்கு உண்டாம். இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த முறைப்படி அது பத்து சென்டிமீட்டர், அதாவது நாலு அங்குல உயரத்தில், 3.7 மீட்டர் அகலத்துக்கு மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். நம் ஊர்களில் பாதி இடத்தில் அது குறுகலாக, திண்ணை மாதிரி நிற்கிறது. மகன் ஒவ்வொன்றிலும் காரைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினான். பின்னால் வந்த பஸ்காரர் ஹார்ன் அடித்தே எங்களைத் திட்டினார். வெட்டின ஸ்பிரிங் குலுக்கலைத் தாங்காது போலிருக்கிறது. ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுத்தண்டில் வந்து இடித்தது. பெண் ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையால் குழந்தையின் தலையை. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்த மகனும் பாட்டை நிறுத்திவிட்டான்.

மரக்காணம் நெருங்கும்போதே காற்று மாறிவிடும். ஈரமும் உப்பும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயது ஆகிவிட்டது. முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே என்னை இங்கே கொண்டு வந்து விட்டுவிடுவார்கள்.

இந்த ஊரைப் பாண்டிச்சேரி போகிற வழியில் டீ குடிக்க நிறுத்துகிற இடமாகத்தான் பலருக்குத் தெரியும். உண்மையில் மிகப் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்தப் பகுதிதான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். பூமீஸ்வரர் கோயிலில் சுவரெல்லாம் சோழர் காலக் கல்வெட்டு. குழந்தையைக் கோயிலில் இறக்கிக் கும்பிட வைத்துவிட்டு அத்தை வீட்டுக்குப் போனோம்.

அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அவன் உள்ளங்காலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு தன் காலைக் காட்டினாள். வெடிப்பு வெடிப்பாக, காய்ந்த ஏரி மாதிரி இருந்தது. "பாருடா ராசா, நாப்பது வருஷம் அளத்துல நின்ன காலு இது. உன் காலு பஞ்சு" என்று சிரித்தாள். மாமா போன பிறகும் அவள் உப்பு வாரித்தான் பிள்ளைகளைக் கரையேற்றினாள்.

வெல்லம் போட்ட காப்பி குடித்தோம். நல்ல நேரத்துக்குள் பாண்டிச்சேரி சேர வேண்டும், சம்பந்தி வீட்டில் காத்திருப்பார்கள் என்று இவர் அவசரப்படுத்தினார். அப்போது பாழாய்ப்போன என் வாய் சும்மா இருந்ததா?

"ஒரு நிமிஷம் அளத்தைப் பாத்துட்டுப் போயிடலாமே. இவ உப்பு விளையறதையே பாத்ததில்லை" என்றேன் பெண்ணைக் காட்டி.

"என்னையும் கூட்டிப் போங்க கண்ணு. நான் பாத்தே ரெண்டு வருஷமாச்சு" என்றாள் அத்தை. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பின் சீட்டில் அவளையும் நெருக்கி உட்கார வைத்தோம். காரில் இன்னும் ஓர் ஆள் பாரம்.

தார் ரோட்டை விட்டு இறங்கியதும் கண் கூசியது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கண்ணாடி பதித்த மாதிரி பாத்திகள். நடுநடுவே கோபுரம் கோபுரமாக வெள்ளை உப்புக் குவியல், சிலவற்றின் மேல் கீற்று மூடியிருந்தது. தூரத்தில் கழுவெளி ஏரிப் பக்கம் கூட்டமாகப் பறவைகள். 2021-ல் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆந்திராவில் ஆரம்பிக்கும் பக்கிங்ஹாம் கால்வாயும் நெடுந்தூரம் ஓடி வந்து இந்தப் பக்கத்துக் கழிமுகத்தில்தான் முடிகிறது. அந்தக் காலத்தில் தோணிகளில் உப்பு போன வழி அது.

அத்தை ஜன்னல் வழியே கை நீட்டிப் பாடம் நடத்தினாள். நமக்கு உப்பு என்றால் ஜாடியில் இருக்கும் சாமான். அவளுக்கு அது ஒரு பயிர்! முதலில் களிமண்ணைத் தண்ணீர் விட்டுக் காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டியாக்க வேண்டும். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் என்று இருந்தால் உப்பு சீராக விளையாது. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம்தான் உப்பு. அதை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்ற வைத்து, டிகிரி பார்ப்பார்கள். இருபத்தைந்து டிகிரி அளவுக்கு வந்தால் உப்பு பூக்க ஆரம்பிக்கும். அந்தக் கடைசிப் பாத்தியில் தண்ணீர் ஆழமாக நிற்கக்கூடாது. ஆழம் கூடினால் நாள் ஆகும். சரி, நன்றாக வற்றட்டும் என்று விட்டுவிட்டாலும் ஆபத்து. முப்பது டிகிரியை நெருங்கும்போது கசப்பு உப்புகளும் கூடவே இறங்கிவிடும். அதற்கு முன்னால் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

"அளம்னாலே அளவுதான் கண்ணு. விரக்கடை கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு" என்றாள்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை. "தம்பி, இது லாரித் தடம்டா, நடுவுல மேடு இருக்கும்" என்று எச்சரிப்பதற்குள் மகன் வரப்புப் பாதையில் இறக்கிவிட்டான். உப்பு லாரிகள் போய்ப் போய் இரண்டு சக்கரத் தடமும் பள்ளமாகி, நடுவில் முதுகெலும்பு மாதிரி மண்மேடு காய்ந்து இறுகிக் கிடந்தது. லாரிக்கு அது ஒன்றுமே இல்லை. எங்கள் காருக்கு?

'டங்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு நீளமான 'கர்ர்ர்'. கார் நின்றது. மகன் ஆக்சிலேட்டரை மிதித்தான். சக்கரம் சுற்றியது, மண் பறந்தது, வண்டி நகரவில்லை. ஆமையைக் கல்லின் மேல் வைத்த மாதிரி கார் வயிற்றால் உட்கார்ந்துவிட்டது! முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஆஃப் பண்ணுடா! ஆயில் விளக்கு! முதல்ல ஆஃப் பண்ணு!" என்று இவர் கத்தினார். வாழ்நாள் முழுக்க மொபெட் ஓட்டியவர், அவருக்கு அது தெரிந்திருந்தது. நாங்கள் இறங்கிப் பார்த்தபோது, வெள்ளை உப்புத் தூளின் மேல் கறுப்பாக எண்ணெய் சொட்டிக் கொண்டிருந்தது. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற 'சம்ப்' என்கிற தொட்டி விரிசல் விட்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் இன்ஜின் ஓடியிருந்தால், எண்ணெய் இல்லாமல் உள்ளே எல்லாம் இறுகிப்போய் இன்ஜினே போயிருக்கும் என்று பிற்பாடு மெக்கானிக் சொன்னார்.

மணி பதினொன்றரை. நிழல் என்று சொல்ல ஒரு மரம் கிடையாது. மேலே சூரியன், கீழே உப்பின் பளபளப்பு. இரண்டு பக்கமும் வெயில்! குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தான்.

சற்றுத் தள்ளி ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. விடியற்காலையிலேயே வேலைக்கு வந்து உப்பு வாரி முடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கஞ்சி குடித்துக் கொண்டிருந்தார்கள். ஓடி வந்தார்கள். ஒருத்தி என் பெண்ணையும் குழந்தையையும் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு அழைத்துப் போய், தன் தலைத்துணியை உதறி விரித்துக் கொடுத்தாள். "புள்ளைக்கு நா வறண்டுருக்கும், கொஞ்சம் சக்கரத் தண்ணி குடுங்க" என்றாள் ஒரு பெரியவள். பெண் மெதுவாக, "வேணாம் ஆயா, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. தண்ணி கூடக் கூடாதாம்" என்று சொல்லிப் பால் கொடுத்தாள். "அப்ப நீ நல்லா தண்ணி குடி தாயே" என்று தங்கள் குடத்திலிருந்து சொம்பு நிறையக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய உப்பு வயலில் நல்ல தண்ணீர் என்பது அந்த ஒரு குடம்தான்!

மற்றவர்கள் காரைச் சுற்றி வந்தார்கள். "முதல்ல சாமானை எறக்குங்க. பாரம் எறங்கினா வண்டி தானா ஏறும்" என்றாள் ஒருத்தி. தொட்டில், அண்டா, பெட்டி, முறுக்கு டின் எல்லாம் வரப்பில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. உப்பளத்தில் சீர்வரிசை! இரண்டு பேர் மண்வெட்டியால் காருக்கு அடியில் இருந்த மேட்டைப் பக்கவாட்டில் இருந்து கொத்தி எடுத்தார்கள். உப்பு வாருகிற பலகையைச் சக்கரத்துக்குக் கீழே கொடுத்தார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு தள்ளு! கார் பலகையில் ஏறிப் பின்னால் வந்தது. எங்கே பட்டறையில் பெரிய பெரிய கருவி இருந்தது என்று மகன் பெருமையாகச் சொன்னானோ, அங்கே வந்த வினையை இங்கே ஒரு மண்வெட்டியும் பலகையும் தீர்த்து வைத்தன.

இவர் அப்போதுதான் நிதானமாகக் கேட்டார். "ஏண்டா, இந்தச் சக்கரம், ஸ்பிரிங்கு எல்லாத்துக்கும் எவ்வளவு ஆச்சு? யாரு குடுத்தா?"

மகன் தலை குனிந்தான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நான்தாங்க குடுத்தேன். குழந்தைக்குக் காப்பு வாங்க எடுத்த சீட்டுப் பணம்" என்றேன். அத்தனை பேர் எதிரில் சொன்னது எனக்கே ஆச்சரியம்தான். உப்பில் நின்றுகொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

இவர் திட்டியிருந்தால் கூட நன்றாயிருந்திருக்கும். ஒன்றுமே சொல்லாமல் அண்டாவைத் தூக்கி இடம் மாற்றி வைத்தார். பெண்தான் கொட்டகையிலிருந்து, "காப்பு இல்லேன்னா என் பிள்ளை வளராதா அப்பா? விடுங்க" என்றாள். அத்தை வரப்பில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "மாப்ள, ஆசைப்படறது தப்பு இல்ல. அளவு தெரியாம போச்சு, அவ்வளவுதான். தண்ணியை வடிச்சுட்டா மறுபடி உப்பு விளையும்."

அளத்துக்காரர் ஒருவர் போன் செய்து ஒரு குட்டி யானை வண்டியை வரவழைத்தார். சீர்ச் சாமான் பின்னால் ஏறியது. பெண்ணும் குழந்தையும் இவரும் ஓர் ஆட்டோவில், நான் சாமானோடு குட்டி யானையில் டிரைவர் பக்கத்தில். மகன் காரைக் கயிறு கட்டி மெக்கானிக்கிடம் கொண்டு போனான். கிளம்புகிற சமயம் அத்தை, புது உப்பை ஒரு மஞ்சப் பையில் கட்டி என் மடியில் வைத்தாள். "வெறும் கையோட போகாதே. புதுசா ஒரு வீட்டுக்குப் போறப்ப உப்புதான் முதல்ல போவணும்."

அந்தப் பெண்களுக்குக் காசு கொடுக்க இவர் பையில் கை விட்டார். வாங்க மறுத்துவிட்டார்கள். முறுக்கு டின்னை அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன். இவர்களுக்கு வேலை என்பதே தை பிறந்து ஐப்பசி மழை வரைக்கும்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி அருகே கரை கடந்தபோது, மிதித்து வைத்த பாத்தியெல்லாம் வெள்ளத்தில் மூழ்கிப் போனதாம். மழைக்கால நிவாரணமாக அரசு 2022 முதல் ஐயாயிரம் ரூபாய் கொடுக்கிறது. மற்றபடி அந்த மாதங்களில் அடுப்பு எரிய, வெயில் காலத்துக் கூலியில் மிச்சம் பிடித்தால்தான் உண்டு. அவர்கள் ஒருவேளை கஞ்சியை ஆற விட்டுவிட்டு எங்கள் காரைத் தள்ளினார்கள். இப்போதெல்லாம் சமையலில் ஒரு சிட்டிகை உப்பு கீழே சிந்தினாலும் எனக்கு அந்தக் கொட்டகை நினைவு வருகிறது.

சம்பந்தி வீட்டுக்கு நல்ல நேரம் தப்பி, மாலை நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளூரப் பயந்துகொண்டுதான் நடந்ததைச் சொன்னேன், காப்பு விஷயம் உட்பட. சம்பந்தி அம்மாள் உப்புப் பையை வாங்கிப் பூஜை அறையில் வைத்துவிட்டு, "மகாலட்சுமியே முன்னால வந்துட்டா, இனி என்ன நேரம் காலம்? குழந்தை நல்லபடியா வந்தானே, அது போதும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சம்ப் மாற்ற நாலாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. கார் திண்டிவனம் வந்ததும்தான் என் இன்ச் டேப் வேலை செய்தது. கம்பெனி கொடுத்தபோது காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஆறரை அங்குலம் இருந்ததாம். நான் அளந்தபோது காலிக் காரில் நாலரை. பக்கத்து வீட்டுப் பையன்களை உள்ளே ஏற்றி உட்கார வைத்து அளந்தேன். மூன்றே மூன்று! வேகத்தடை நாலு அங்குலம், வண்டிக்கு அடியில் மூன்று அங்குலம். இதில் டிப்ளமோ படிக்க என்ன இருக்கிறது? ரவிக்கை தைக்கிறவளுக்கே புரிகிறது! மகன் ஒரு வார்த்தை பேசாமல், டேப்பை என் கையிலிருந்து வாங்கித் தானும் ஒரு தடவை அளந்து பார்த்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய அளவு ஸ்பிரிங்கையும் பழைய சக்கரத்தையும் மாட்டிக்கொண்டு வந்தான். அலாய் சக்கரத்தை விற்ற காசை அப்பா கையில் கொடுத்தான். இவர் அதை எண்ணாமலே என்னிடம் நீட்டி, "காப்புக்கு வெச்சுக்கோ. மீதியை அவன் மாசாமாசம் தரட்டும்" என்றார். அன்று ராத்திரிதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

உங்கள் வீட்டிலும் காரைத் தாழ்த்த ஆசைப்படும் பிள்ளை இருக்கலாம். ஏற்கனவே பள்ளமான காரில் நீங்கள் போக வேண்டியும் வரலாம். பட்டுத் தெரிந்துகொண்டதும், மெக்கானிக் சொன்னதும் இதோ:

1. ஸ்பிரிங்கை வெட்டுவது மிகவும் தவறு. குட்டையான ஸ்பிரிங் பள்ளத்தில் இறங்கும்போது தன் இடத்திலிருந்து நழுவக்கூடும். குலுக்கலைத் தாங்கும் சக்தியும் போய்விடும். கர்ப்பிணிகள், ஆபரேஷன் ஆனவர்கள், முதுகுவலிக்காரர்கள், கைக்குழந்தைகள் இப்படிப்பட்ட காரில் தூரப் பிரயாணம் செய்வதைத் தவிர்ப்பது நல்லது.

2. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல் வரலாம். எதையும் மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

3. பள்ளமான காரில் பாரம் ஏற்றாதீர்கள். சாமானை வேறு வண்டியில் அனுப்புங்கள். பெரிய வேகத்தடை வந்தால் நாலு பேர் இறங்கி நடந்து, தாண்டியபின் ஏறிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

4. வேகத்தடைக்கு முன்பே பிரேக் பிடித்துவிட வேண்டும். ஏறும்போது பிரேக்கை அழுத்தினால் காரின் மூக்கு இன்னும் கீழே குனியும். இடம் இருந்தால் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றலாம்.

5. நடுவில் மேடு உள்ள மண்பாதையில் சக்கரத்தைப் பள்ளத் தடத்தில் விடாமல், ஒரு சக்கரம் மேட்டிலும் ஒன்று ஓரத்திலுமாகப் போக வேண்டும். பாதை குறுகலாக இருந்தால் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம். இறங்கி நடந்து பார்த்துவிட்டு வாருங்கள், உப்பளம் எங்கும் ஓடிவிடாது!

6. அடியில் இடித்த சத்தம் கேட்டால் நிறுத்திக் குனிந்து பாருங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். 'பக்கத்து ஊர் வரை போய்ப் பார்க்கலாம்' என்பது கூடாது.

7. கடற்கரை, உப்பளம் போய் வந்தால் காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உரசிப் பெயிண்ட் போன இடத்தில் உப்பு ஏறினால் துரு வெகு சீக்கிரம் பிடிக்கும்.

8. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனது என் தவறு. கைக்குழந்தைக்கென்றே பின் சீட்டில் பொருத்தும் இருக்கை கிடைக்கிறது. காப்புக்கு முன்னால் அதை வாங்கியிருக்க வேண்டும்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வயது ஆகும்வரை குழந்தையின் உணவில் உப்பு சேர்க்க வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அத்தை கொடுத்த உப்பு பூஜை அறைக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் அழகு. ஆனால் தினசரிச் சமையலுக்கு, முக்கியமாகக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் உள்ள வீட்டில், அயோடின் கலந்த உப்புதான் வேண்டும்.

அடுத்த மாசியில் பேரனுக்கு ஒரு வயது தாண்டியிருக்கும். மறுபடியும் மரக்காணம் போவதாக இருக்கிறோம். அந்தப் பெண்களுக்குக் கொடுக்க ஆளுக்கொரு பருத்திப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன். கார் இப்போது தன் பழைய உயரத்தில், கௌரவமாக நிற்கிறது. அப்படியும் தார் ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்துதான் போவோம். இன்ச் டேப் மட்டும் என் கைப்பையிலேயே இருக்கிறது. எதற்கும் இருக்கட்டுமே!